கைப்பேசி களவு போனால்

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் காலம் நெருங்குகிறது. சென்ற ஆண்டு அவ்வாறு சென்றபோது, இப்பகுதியை எழுதும் நமது கைப்பேசி இரயிலில் களவு போயிற்று. அதன் விலையை மறந்துவிட்டோம். அதிலிருந்த அன்னையாரின் குரற்பதிவுகளை மறக்க இயலவில்லை. அவர் இன்று இல்லை. அக்குரலுக்கு ஒரு பிரதி எடுத்துவைக்க நாம் எண்ணவில்லை. அன்பர்கள் எவரும் இவ்வாறு வருந்தலாகாது என்றே இதனை எழுதுகிறோம்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை இரண்டு. கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கமுள்ள ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும், இரண்டு சிம் கொள்ளும் கருவியாயின் எண்களும் இரண்டு. அவற்றை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதிவையுங்கள். இழக்கலாகாத படங்களையும் குரல்களையும் வேறொரு கருவியில் பிரதி எடுத்து, அது சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

களவு போய்விட்டால், முதலில் தொலைபேசி நிறுவனத்துக்கு அறிவித்துச் சிம்மை நிறுத்துங்கள். வங்கியின் இரகசிய எண்கள் அதற்கே வருமாதலால் உடனே வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழையுங்கள். பின்னர் போலீசில் புகார் கொடுத்து நகல் பெறுங்கள். பழைய எண்ணிலேயே புதிய சிம் வாங்கி, மத்திய அரசு 2023-இல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில் புகார் நகலுடன் பதிந்தால், அக்கருவி இந்நாட்டில் எந்த நிறுவனத்தின் சிம்மிலும் இயங்காதவாறு தடுக்கப்படும். புதிய சிம்மில் குறுஞ்செய்தி வர 24 மணி நேரம் வரை ஆகலாம், பொறுத்திருங்கள்.

பெட்டி கட்டும் நாள்வரை காத்திராமல், இன்றிரவே கணக்கு நோட்டை எடுங்கள்.