பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்: கிடாருக்காக வாங்கலாமா?

விருதுநகர் – சிவகாசி சாலையில் எந்த ஊரில் பொங்கல் சாட்டினாலும் ரேடியோ செட் இல்லாமல் திருவிழா களைகட்டாது. பந்தல்கால் ஊன்றிய கையோடு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அம்மன் பாட்டைப் போட்டுவிடுவார்கள். ஒரு காலத்தில் அந்தக் குழாய்களுக்குச் சத்தம் கொடுத்த ஆம்ப்ளிஃபயர்களுக்குள் கண்ணாடி வால்வுகள் கங்குபோல எரிந்துகொண்டிருக்கும். டிரான்சிஸ்டர் வந்த பிறகு அந்தப் பெட்டிகள் பரணுக்குப் போயின.

இன்று அதே வால்வைத் தேடுபவர்கள் கிடார் வாசிக்கும் பிள்ளைகள். ஆமத்தூரில் அப்படி ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறார். தீபாவளி போனஸ் கைக்கு வந்திருக்கிறது. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று விலைக்கு வருகிறது. "நல்லா வேலை செய்யுது தம்பி" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

விற்பவர் சொல்லும் விலை பாதிக் கணக்குதான். அதை ஆபத்தில்லாமல் ஓட்டுவதற்கு இன்னும் எவ்வளவு ஆகும் என்பது மீதிக் கணக்கு. அந்த மீதியைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

வால்வில் என்ன விசேஷம்?

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் ஒலி சட்டென்று வெட்டுப்பட்டு, காதைக் குத்தும். வால்வு அப்படி உடனே முறியாது. மெல்ல மெல்லக் கரகரத்து, ஒலியைத் தடிமனாக்கும். அந்தக் கரகரப்பைத்தான் கிடார் கலைஞர்கள் விரும்புகிறார்கள்.

லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் 1962-இல் தங்கள் முதல் கிடார் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது, அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். பாகங்களை இங்கிலாந்தில் எளிதாகக் கிடைத்தவற்றிலிருந்து எடுத்தார்கள். இந்தியாவிலும் வால்வுக்குப் பஞ்சமில்லாத காலம் ஒன்று உண்டு. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த வால்வுகளைப் பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். இசிசி 83, இஎல் 84 என்ற எண்களைச் சொன்னால் அவர்களுக்குப் புரியும். இசிசி 83-க்கு இன்னொரு பெயர் 12 ஏஎக்ஸ் 7. பெரும்பாலான கிடார் ஆம்ப்ளிஃபயர்களில் முன்வரிசையில் இருப்பது அதுதான்.

கிடாருக்கென்றே செய்ததா, ரேடியோ செட்டா?

செகண்ட் ஹேண்டில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, கிடாருக்கென்றே செய்த வெளிநாட்டுப் பெட்டி. ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் 15 வாட், புகெரா வி 5 என்பது 5 வாட். இன்னொன்று, திருவிழாவுக்குப் போய்வந்த பழைய மைக் ஆம்ப்ளிஃபயர்.

இரண்டாவது வகை மலிவாகக் கிடைக்கலாம். ஆனால், அது குழாய் ஸ்பீக்கருக்காகச் செய்தது. குழாய் ஸ்பீக்கரில் பேச்சு தெளிவாகக் கேட்கும்; கிடார் தகரம் தட்டியதுபோலக் கேட்கும். கிடாருக்கென உள்ள 10 அல்லது 12 இன்ச் கோன் ஸ்பீக்கரும் அதற்கொரு மரப்பெட்டியும் தனியாக வாங்க வேண்டும். பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்று எழுதியிருக்கும் திருகுகளில் ஸ்பீக்கரின் ஓம் அளவுக்குப் பொருந்துவதில்தான் இணைக்க வேண்டும். 100 வோல்ட் லைன் என்று எழுதிய திருகில் கிடார் ஸ்பீக்கரை நேரடியாகக் கொடுக்கவே கூடாது.

வாட்டைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 30 வாட் என்பது 15 வாட்டைப் போல இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்காது. காதுக்குக் கொஞ்சம்தான் கூடும். வீட்டுக்கு 5 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரே அதிகம். வெடிச் சத்தத்துக்குப் பழகிய ஊரிலும் பக்கத்து வீட்டு அத்தை வந்து கதவைத் தட்டிவிடுவார்.

ஸ்விட்ச் போடும் முன்

முதலில் பின்புறத் தகட்டைப் படிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் 120 வோல்ட் என்று இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நேராகச் செருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். அதற்கேற்ற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலையையும் கணக்கில் எழுத வேண்டும்.

அடுத்து ஃபியூஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது இருக்கும் இடத்தில் தடித்த கம்பியோ சிகரெட் பெட்டி ஈயத்தாளோ சுற்றியிருந்தால், உள்ளே ஏதோ கோளாறு அடிக்கடி ஃபியூஸை எரித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிடலாம்.

மூன்றாவது, எர்த். கிடாரின் கம்பிகள் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் இரும்புச் சட்டத்தோடு இணைந்தவை. சட்டத்தில் மின்சாரம் கசிந்தால் அது நேராக விரலுக்கு வரும். பாடிக்கொண்டே வாசிப்பவரின் உதடு மைக்கில் பட்டால், உடம்பே ஒயராகிவிடும். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார்.

பெட்டியில் மூன்று பின் பிளக் இருந்தால் மட்டும் போதாது. பல வீடுகளில் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. சில இடங்களில் நியூட்ரலையே எர்த்தோடு முடிந்து வைத்திருப்பார்கள். அது எர்த் இல்லாததைவிட மோசம். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது. அது வீட்டிலுள்ள எல்லோருக்கும் காவல்.

ஸ்விட்ச் போட்ட பிறகு

வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும் ஆபத்து உண்டு. ஸ்பீக்கரை இணைத்த பிறகே ஸ்விட்ச். அரை நிமிடம் பொறுத்தால் வால்வுகள் சூடேறும்.

உள்ளே மெல்லிய ஆரஞ்சு ஒளி தெரிந்தால் நல்லது. வால்வுக்குள் இருக்கும் தகடே செக்கச்செவேலென்று பழுத்தால் உடனே அணைக்க வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிபோல மின்னும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு செத்துவிட்டது.

கிடாரைச் செருகாமல் சத்தத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும். லேசான 'ஸ்ஸ்' ஒலி இயல்பு. அடித்தொண்டையில் உறுமுவதுபோல 'ம்ம்ம்' என்று பலமாகக் கேட்டால், பெரும்பாலும் உள்ளே பழைய கண்டன்சர்கள் காய்ந்துபோயிருக்கும். திருகும்போது மட்டும் கரகரத்தால் அது திருகுகுமிழின் தூசி, துடைத்தால் போகும். பென்சிலின் பின்முனையால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினால், பழுதான வால்வு ஸ்பீக்கரில் மணியடித்துக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு கிடாரைச் செருகி அரை மணி நேரம் வாசிக்க வேண்டும். குளிர்ந்த பெட்டியில் தெரியாத நோய் சூட்டில்தான் தெரியும். சத்தம் படிப்படியாகக் குறைகிறதா, தார் உருகும் வாடை வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அந்த வாடை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்தால் பேரம் அதோடு முடிந்தது.

அணைந்த வெடியைத் தொடாதே

திரி அணைந்த வெடியை உடனே கையில் எடுக்கக் கூடாது என்பதைப் பட்டாசு ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டன்சர்களில் 300, 400 வோல்ட் தேங்கி நிற்கலாம். ஆளைக் கொல்ல அது போதும். யூடியூப் பார்த்துத் திறந்து பழகும் பெட்டி இது இல்லை.

வால்வில் கைபழகிய ரேடியோ மெக்கானிக்கோ பழைய சவுண்ட் சர்வீஸ்காரரோ பக்கத்து ஊர்களில் இருந்தால், வாங்கும் முன்பே அவரைக் கூட்டிப்போவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது. அந்தத் தலைமுறை குறைந்துவருகிறது என்பதால், இளைஞர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

கணக்கு

ஒரு தாளில் எழுதலாம்: கேட்கும் விலை, ஒரு செட் வால்வு, கண்டன்சர் மாற்றும் செலவு, மெக்கானிக் கூலி, தேவைப்பட்டால் ஸ்டெப் டவுன், தேவைப்பட்டால் ஸ்பீக்கர். வால்வு தேயும் பொருள், டயர்போல மாற்றிக்கொள்ளலாம். இப்போதும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் தயாராகிறது. கண்டன்சரும் வயதானால் மாற்ற வேண்டியதே. டிரான்ஸ்ஃபார்மர் போனால்தான் பெட்டிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே, இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் நன்றாக இருக்கும் அழுக்குப் பெட்டி, பளபளவென்று துடைத்து வைத்த சந்தேகப் பெட்டியைவிட மேல்.

கூட்டுத்தொகை, கடையில் கிடைக்கும் புதிய சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் விலையைத் தாண்டத்தான் செய்யும். அந்தக் கூடுதல் தொகை போனஸுக்குள் அடங்கினால் வாங்கலாம். கடன் வாங்க வேண்டியிருந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பட்டறை மூடியிருக்கும் வாரங்களில் கடன்காரர் கிடார் கேட்க வரமாட்டார்.

பார்க்கப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: சொந்தக் கிடார், சொந்த ஒயர், டார்ச், பென்சில், டெஸ்டர். கம்பியைத் தொடும் முன் டெஸ்டரால் பெட்டியின் இரும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும்; விளக்கு எரிந்தால் கிட்டே போகவே வேண்டாம். எரியவில்லை என்பதற்காக எர்த் சரியாக இருக்கிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால், "அண்ணாச்சி, ஒரு அரை மணி நேரம் வாசிச்சுப் பாத்துக்கிடவா?" என்று கேட்க வேண்டும். நல்ல பெட்டி வைத்திருப்பவர் நாற்காலி எடுத்துப் போடுவார். "அதெல்லாம் வேண்டாம் தம்பி, நம்பி எடுத்துட்டுப் போ" என்றால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.