அம்பை விடும்வரைதான் நம் வேலை!

மாதக் கடைசி. டார்கெட்டில் பாதிதான் முடிந்திருக்கிறது. மேனேஜரின் போன் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறதா?

ஸ்டோயிக் தத்துவத்தைத் தொடங்கிய ஸீனோவும் வியாபாரிதான். கப்பல் உடைந்து, சரக்கை இழந்து ஏதென்ஸுக்கு வந்தவர் என்பார்கள். அவர் வழிவந்தவர்கள் வில்லாளியை உதாரணம் காட்டினார்கள். குறிபார்த்து அம்பை விடும்வரைதான் அவன் வேலை. பிறகு காற்று திருப்பிவிடலாம்.

ஆர்டர் தருவது கடைக்காரர் விருப்பம். எத்தனை கடை ஏறினீர்கள், உண்மையைச் சொன்னீர்களா, காலாவதி சரக்கை மாற்றித் தந்தீர்களா... இவைதான் உங்கள் கையில். செனகா தினமும் இரவில் தன்னைத்தானே விசாரித்துக்கொள்வார். நீங்களும் இந்த மூன்றுக்கு மட்டும் மார்க் போடுங்கள்.

விற்காத சரக்கைக் கடைக்காரர் தலையில் கட்டி இந்த மாதம் தப்பிக்கலாம். அடுத்த மாதம் அதே கடைப் படியை எப்படி ஏறுவீர்கள்?