இல்லம் பேணல்: தொலைக்காட்சித் திரையைத் துடைக்குமுன்

கிறிஸ்து பிறப்பு விழாவிற்காக வீட்டைத் தூய்மை செய்யும் இல்லத்தரசியர், சன்னல் கண்ணாடிக்கு வாங்கிய திரவத்தாலேயே தொலைக்காட்சித் திரையையும் துடைத்துவிடுகின்றனர். பழைய பெட்டிகளின் முகப்பு தடித்த கண்ணாடியாதலால் அதைத் தாங்கிற்று. இன்றைய தட்டைத் திரைகளின் மேற்பரப்போ பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். ஒளி கூசாதிருக்க அதன்மேல் ஒரு பூச்சும் உண்டு. அம்மோனியா, ஆல்கஹால், அசிட்டோன் ஆகியவை அப்பூச்சைக் கெடுத்து, நீங்காத திட்டுகளை உண்டாக்கக்கூடும். பிறகு திரையையே மாற்ற வேண்டும். அதற்காகும் செலவில் புதுப்பெட்டியே வாங்கிவிடலாம் எனத் தோன்றும்!

திரைக்கென்றே விற்கப்படும் திரவமாயினும், புட்டியில் அச்சிட்டுள்ள சேர்மானங்களைப் படித்த பின்னரே வாங்குக. உண்மையில் தேவைப்படுவது மைக்ரோஃபைபர் எனும் நுண்ணிழைத் துணி ஒன்றே. மின்னிணைப்பைத் துண்டித்து, திரை ஆறிய பின், அழுத்தாமல் துடைத்தால் தூசி அகலும். காகிதமும் முரட்டுத் துண்டும் கீறிவிடும். பிள்ளைகளின் விரற்கறை போகாவிடில், காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்து, நன்கு பிழிந்து துடைக்கலாம். உப்பு நீர் வெண்தடம் விடும். திரைமீது நேரே தெளித்தலோ கூடவே கூடாது. வழியும் நீர் அடிவிளிம்பினூடே உட்புகுந்து மின்சுற்றைப் பழுதாக்கும்.

வீட்டுப் பீடத்தை அடுத்தே தொலைக்காட்சி இருப்பின், செபமாலை வேளையில் ஏற்றும் மெழுகுதிரியின் கரி திரையில் படியும். பெட்டியைச் சற்று விலக்கி வைத்தால் துடைக்கும் வேலையே குறையும்.