பொன்னும் உருகும், மண்ணும் உருகும்!



காலாண்டுத் தேர்வு ஒரு வழியாக முடிந்துவிட்டதா? கணக்கில் எத்தனை மதிப்பெண் வருமோ என்ற கவலையைப் பள்ளி திறக்கும் வரை பரணில் போட்டு வையுங்கள். இந்த விடுமுறையில் உங்களில் பலர் தீம் பார்க் போகத் திட்டம் போட்டிருப்பீர்கள். எந்த ராட்டினத்தில் முதலில் ஏறுவது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று வீட்டில் சண்டைகூடத் தொடங்கியிருக்கும். ஆனால், போகும் நாளில் வானம் எப்படி இருக்கும், பையில் என்ன இருக்க வேண்டும் என்று எத்தனை பேர் யோசித்தீர்கள்? "அதெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார்" என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை!

காலாண்டு விடுமுறை புரட்டாசி மாதத்தில் வருகிறது. "புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். வானிலை ஆய்வு மையம் 1875ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் தொடங்கப்பட்டது. அதன் உதவி இல்லாமலே, வயல் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள் சொன்ன பழமொழி இது. எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். ஒரே நாளில் இரண்டும் நடக்கும். பகலில் பொன் உருகும், மாலையில் மண் உருகும்.

ஏன் இப்படி? தென்மேற்குப் பருவமழை விடைபெறும் காலம் இது. நம் மாநிலத்துக்கு ஏறக்குறைய பாதி மழையைத் தரும் வடகிழக்குப் பருவமழையோ, வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித்தான் தொடங்கும். நடுவில் இருக்கும் இந்த நாட்களில், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் காற்று ஈரத்தைக் கேரளப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அதனால்தான் செப்டம்பரிலும் சென்னையில் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து ஈரமான கடல்காற்று உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றும் கிழக்கிலிருந்து வரும் காற்றும் நேருக்கு நேர் மோதினால் எங்கே போகும்? மேலேதான் போகும்! சூடான காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு மளமளவென்று உயர்ந்து, கோபுரம் போல இடிமேகமாக நிற்கும். மாலை நாலு மணிக்கோ ஆறு மணிக்கோ, சில நாள் இரவிலோ, இடி மின்னலோடு கொட்டித் தீர்த்துவிடும். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டர் பூங்காவுக்குப் போகிறவர்களுக்குக் கடல்காற்று கிடையாது. ஆனால் அங்கே மலை இருக்கிறதே! காற்றை மேலே தூக்கிவிடும் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பையைத் திறங்கள்.

முதலில் பொன் உருகும் பகலுக்கு. தொப்பி, தண்ணீர் பாட்டில். தண்ணீரில் விளையாடும்போது வெயில் தெரியாது, தாகமும் தெரியாது. ஆனால் உடம்பு வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அவ்வப்போது இரண்டு வாய் குடியுங்கள். வெளி உணவைப் பல பூங்காக்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எனவே அம்மா விடியற்காலையில் எழுந்து புளிசாதம் கட்டுவதற்கு முன்னால், அங்கே அனுமதி உண்டா என்று அப்பாவை ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பாவம், அம்மாவுக்கும் அன்று விடுமுறைதானே!

அடுத்து, தண்ணீரில் இறங்கும் உடை. "பருத்தி உடையோடு இறங்கக்கூடாது, நைலான் உடைதான்" என்று அங்கே சொல்லும்போது பலருக்குக் கோபம் வருகிறது. காரணம் தெரிந்தால் கோபம் வராது. பருத்தி நீரைக் குடித்துக் கனத்துவிடும். சறுக்கும்போது உடம்போடு ஒட்டி இழுக்கும், நீந்தத் தெரியாதவரைக் கீழே இழுக்கும். அதன் நூல் பிரிந்து, குளத்து நீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியையும் அடைக்கும். ஜீன்ஸ் இன்னும் மோசம். ஒருமுறை நனைந்தால் வீடு வந்து சேரும் வரை காயாது. சுற்றுலாவுக்கு ஜீன்ஸ்தான் அழகு என்று யார் கண்டுபிடித்தார்களோ!

காலுக்குப் புதுச் செருப்பு வேண்டாம். புதுசு கடிக்கும், அன்று முழுக்க நடக்க வேண்டும். பழகிய செருப்பாக, பின்பக்கம் வார் உள்ளதாக இருந்தால் ராட்டினத்தில் கழன்று பறக்காது.

இப்போது மண் உருகும் மாலைக்கு. ஒரு செட் உலர்ந்த உடை, ஒரு துண்டு, ஒரு ரெயின்கோட். இந்த மூன்றையும் மறக்கவே கூடாது. "இந்த வெயிலில் ரெயின்கோட்டா?" என்று அண்ணன் சிரிப்பான். சிரிக்கட்டும். மழை வருவதற்குச் சற்று முன் திடீரென்று ஜிலுஜிலுவென்று ஒரு காற்று அடிக்குமே, கவனித்திருக்கிறீர்களா? மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் வழியிலேயே கொஞ்சம் ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிர வைக்கின்றன. குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே பாய்கிறது. சில நிமிடங்களில் வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய உடம்போடு அந்தக் காற்றில் நின்றால் பல் கிடுகிடுக்கும். காய்ந்த சட்டையின் அருமை அப்போது புரியும். குடையைவிட ரெயின்கோட் மேல். கூட்டத்தில் குடைக்கம்பி அடுத்தவர் கண்ணைக் குத்தும், காற்றில் குடை மடங்கிக்கொள்ளும்.

ஈர உடையைப் போட்டுக்கொண்டு வர ஜிப் வைத்த ரெக்ஸின் பை ஒன்று போதும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. நினைவிருக்கட்டும். வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள், மனப்பாடமும் செய்துகொள்ளுங்கள். சீட்டு நனையும், மனப்பாடம் நனையாது.

பை ஆயிற்று. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேரக்குழந்தைகளோடு ஒரு பூங்காவுக்குப் போயிருந்தேன். மாலை நாலரை மணி. மேற்கே வானம் கறுத்து, தூரத்தில் மின்னல். உயரமான ராட்டினத்தை நிறுத்திவிட்டு, குளத்தில் இருந்தவர்களை விசில் ஊதி வெளியே வரச் சொன்னார் ஓர் இளைஞர். ஒரு துளி மழை இன்னும் விழவில்லை. அவ்வளவுதான், பெரியவர்கள் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கிறோம், மழையே வரவில்லை, எதற்கு நிறுத்தினாய்?" என்று ஒரே கூச்சல். சம்பளத்துக்கு நிற்கும் அந்தப் பிள்ளை கைகட்டி நின்றாரே தவிர, விசிலை விடவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கூச்சல் போட்டவர்கள் படித்தவர்கள் என்பதுதான் வருத்தம்.

மழை வராவிட்டாலும் மின்னல் விழும், குழந்தைகளே! மழை பெய்யும் இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிக்கூட விழும். சுற்றிலும் வெட்டவெளி, நடுவில் உயரமான இரும்பு ராட்டினம்: மின்னல் தேடுவது அதைத்தான். குளத்து நீரில் விழுந்தால், மின்சாரம் நீரின் மேற்பரப்பில் பரவி உள்ளே இருப்பவர்களைத் தாக்கும்.

எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். மின்னலின் ஒளி கண்ணுக்கு உடனே வந்துவிடும். இடியின் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 விநாடி. மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வரக்கூடாது.

மரத்தடி வேண்டவே வேண்டாம். நாலு கால் நட்டுத் தகரம் போட்ட திறந்த கொட்டகையும் பாதுகாப்பு அல்ல. சுவரும் கூரையும் உள்ள கட்டடம் நல்லது. கண்ணாடி ஏற்றிய காரும் பஸ்ஸும் நல்லது. டயர் ரப்பரால் ஆனது என்பதால் அல்ல; மின்சாரம் வண்டியின் உலோகக் கூடு வழியாகவே சுற்றித் தரைக்கு இறங்கிவிடும் என்பதால். ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால், புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலியை அப்பா அம்மாவிடம் சொல்லி ஏற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். ஆனால் குளத்தில் இருக்கும்போது போன் லாக்கரில் அல்லவா இருக்கும்? அதனால் கண்ணும் காதும்தான் முதல் செயலி.

இன்னொரு யோசனை. வழக்கமாக எல்லோரும் தண்ணீர் விளையாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். புரட்டாசியில் அதை மாற்றுங்கள். உயரமான ராட்டினங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். குளத்தை மூன்று மணிக்குள் முடித்து, நாலு மணிக்கு உலர்ந்த உடையில் இருங்கள். கூரைக்குக் கீழே நடக்கும் மேஜிக் காட்சி, குட்டி சினிமா எல்லாம் மாலைக்கு. மழை வந்தாலும் ஒன்றும் நஷ்டம் இல்லை. இந்த அட்டவணையை நீங்களே ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். "கடைசியாக ஒரே ஒரு ரவுண்டு" என்று அப்பாவே கேட்டாலும், மேற்கே கறுத்திருந்தால், "போதும்பா, உள்ளே போகலாம்" என்று கையைப் பிடித்து இழுங்கள். விசில் ஊதும் அண்ணாவுக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டு வாருங்கள்.

பையை முதல் நாள் இரவே கட்டிவிடுங்கள். கட்டி முடித்ததும் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டை நாலு சுற்று சுற்றி வாருங்கள். கனக்கிறதா? திறந்து, அந்த ஜீன்ஸை வெளியே எடுத்து வையுங்கள்!