கேகேஎஸ் வீதி பந்தயத் திடல் இல்லை



காங்கேசன்துறைப் பெடியள் பைக்கை டிராக் ரேஸுக்கு செட் பண்ணுவதைப் பார்த்தால் ஆசிரியர்களாகிய எங்களுக்குக் கோபமும் வருகிறது, மதிப்பும் வருகிறது. பின் ஸ்புரொக்கெட்டில் பல்லைக் கூட்டினால் பிக்கப் கூடும், உச்ச வேகம் குறையும். ஸ்விங் ஆர்மை நீட்டினால் எடுக்கும்போது முன்சில்லு தூக்காது. நாங்கள் கரும்பலகையில் எழுதும் விசையும் திருப்பமும் இதுதான்.

ஆனால் கால் மைல், அதாவது 402 மீற்றர் நேராக ஓடச் செய்த வண்டி சட்டென்று வளையாது. கேகேஎஸ் வீதியில் பஸ் வரும், சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளையும் வரும்.

2024 ஏப்ரல் 21, தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதை விலகிச் சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். ஒழுங்கு செய்த திடலிலேயே அப்படியென்றால், மல்லாகம் சந்தியில்?

பொலிஸ் வண்டியைப் பறித்தால் நாளைக்கு வேறு வண்டி வரும். உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. இந்தக் கைகளை அங்கே கூட்டி வருவோம். ஓடத்தான் வேண்டுமென்றால், கட்டுக்குருந்த ஓடுபாதையில் நடத்துவது போல மூடிய பாதை, தடுப்பு, அம்புலன்ஸ் எல்லாம் கேட்டுப் பிரதேச சபைக்குப் போவோம். மனுவில் முதல் கையெழுத்து எங்களுடையது.

தம்பிமாரே, உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். எதிரே வருபவரின் உயிரும் அப்படித்தான்.