விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தையும் அளக்க வேண்டும்

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பரிசோதிக்கப்படுகின்றன. தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டில் கிடைக்கிறது. ஆயினும் ஒரு கேள்வி முதியவர்களிடம் அரிதாகவே கேட்கப்படுகிறது: “நடக்கும்போது விழுந்துவிடுவோமோ என்று கவலைப்படுகிறீர்களா?” 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். எனவே, இக்கேள்வியை இனியும் தள்ளிப்போட இயலாது.

இந்த அச்சம் ஒருமுறைகூட விழாதவருக்கும் வரலாம். அச்சத்தால் வெளியே செல்வது குறையும், கால் தசைகள் மெலியும், சமநிலை தளரும், அதனால் விழும் வாய்ப்பே கூடும். “நீங்கள் எழ வேண்டாம், நாங்கள் எடுத்துத் தருகிறோம்” என்று அன்புடன் சொல்லும் பிள்ளைகளும், தம்மை அறியாமல் இதற்குத் துணைபோகின்றனர்.

அச்சத்தை அளக்க உலக அளவில் பயன்படும் வினாநிரல்களுள் ஒன்று, 2005இல் வெளியான எஃப்.இ.எஸ்.-ஐ. குளித்தல், படி ஏறுதல், வழுக்கும் தரையில் நடத்தல், உறவினர் நிகழ்ச்சிக்குச் செல்லுதல் போன்ற 16 செயல்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் விழுந்துவிடுவோமோ என்ற கவலை எவ்வளவு என்று அது கேட்கிறது. கவலையே இல்லை எனில் 1, மிகுந்த கவலை எனில் 4. மொத்தம் 28 அல்லது அதற்கு மேல் வந்தால் அச்சம் அதிகம் எனக் கொள்ளப்படுகிறது. கனடாவில் உருவாகி 1995இல் வெளியான ஏ.பி.சி. அளவுகோல், அச்சத்துக்கு மாறாக நம்பிக்கையை விழுக்காட்டில் கேட்கிறது. அதில் பனி உறைந்த நடைபாதையும் நகரும் படிக்கட்டும் இடம்பெறுகின்றன. பரங்கிப்பேட்டையில் பனியைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. கடற்கரை மணல், மீன் இறக்கும் இடத்தின் ஈரத்தரை, பள்ளிவாசலில் உளூச் செய்யும் இடம், உயரமான பேருந்துப் படி ஆகியவற்றைப் பற்றித்தான் கேட்க வேண்டும். ஆனால் கேள்விகளை நாமே மாற்றினால், வரும் மதிப்பெண்ணை மேற்கண்ட வரம்போடு ஒப்பிட இயலாது. வீட்டில் இதை ஓர் உரையாடலாகவே நடத்துங்கள். மதிப்பெண்ணை மருத்துவக் குழுவிடம் விட்டுவிடுங்கள்.

அச்சமும் உண்மையான ஆபத்தும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆஸ்திரேலியாவில் 70 முதல் 90 வயது வரையிலான 500 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இவ்விரண்டும் முரண்பட்டிருந்தன. உடல் உறுதியாக இருந்தும் அஞ்சியவர்கள் சிலர். சமநிலை தளர்ந்திருந்தும் கவலைப்படாதவர்கள் அவர்களைவிட அதிகம். ஆகவே கேள்வியோடு நடையையும் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், மருத்துவரை அணுகுங்கள். இதைச் செய்யும்போது ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும்.

அச்சம் இருப்பதாக முதியவர் சொன்னால் “ஒன்றும் ஆகாது” என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று கேளுங்கள். இரவில் கழிவறைக்குச் செல்லும்போது என்றால், ஒரு விளக்கும் சுவரில் ஒரு கைப்பிடியுமே பெரும் மாற்றம் தரும். எழுந்தவுடன் தலைசுற்றுகிறது என்றால் தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றை எடுத்துச் சென்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம். சமநிலைப் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்று, நாள்தோறும் உடனிருந்து செய்விக்கலாம்.

விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ 108ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவராயின், தலையில் பட்டது சிறிய அடியாகத் தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம்.