பூமி முன்பும் சூடானதுதானே, இப்போ மட்டும் என்ன? நெய்வேலியும் நீலகிரியும் சொல்லும் பதில்

காலநிலை மாற்றம் என்று பேச்சு எடுத்தாலே ஒரு கேள்வி வந்துவிடும்: "பூமி காலங்காலமா மாறிட்டுதானே இருக்கு, இதுல நாம என்ன பண்ணிட்டோம்?" கேள்வியின் முதல் பாதி உண்மைதான். இரண்டாவது பாதிக்கு பதில் தமிழ்நாட்டு மண்ணுக்கு அடியிலேயே இருக்கிறது. போளூரில் பட்டு நெய்பவர் வீட்டு கரண்ட் வரைக்கும் அதற்குத் தொடர்பு உண்டு.

போளூரில் ஏன் நிலக்கரி இல்லை?

வட தமிழகத்தின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. அப்போது பூமியில் மரமே கிடையாது. நிலக்கரி என்பது மக்கிப் புதைந்த மரம், செடிகள்தான். அதனால் போளூர் மலைகளைத் தோண்டினாலும் நிலக்கரி கிடைக்காது.

தென்கிழக்கே போனால் கதை மாறுகிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. இன்னும் தெற்கே நெய்வேலியில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலத்தில் வளர்ந்த காடு அழுந்திப் பழுப்பு நிலக்கரியானது. அந்த மரங்கள் காற்றிலிருந்து உறிஞ்சிய கார்பனும் மண்ணோடு புதைந்தது.

1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1962-ல் அங்கே மின் உற்பத்தி ஆரம்பமானது. அந்த மின்சாரம் மாநில மின்தொகுப்பில் கலந்து போளூர் வரை வருகிறது. கோடி ஆண்டுகளாகப் புதைந்திருந்த கார்பன், எரிக்கும்போது மறுபடியும் காற்றுக்குப் போகிறது.

காலநிலை மாறியது எப்படித் தெரியும்?

அரியலூரில் சிமென்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடங்களில் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் பூமி இன்றைவிட ரொம்பவே சூடு. கடல் மட்டமும் உயரம். இன்று கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் அரியலூர், அன்று கடலுக்கு அடியில் இருந்தது.

அதற்கு நேரெதிர் நிலை சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன். பனியூழி உச்சத்தில் கடல் மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம்.

நீலகிரியின் சதுப்பு மண்ணும் ஒரு சாட்சி. வறண்ட காலத்துப் புல்லும் ஈரமான காலத்துச் செடியும் அதில் வெவ்வேறு கார்பன் தடயங்களை விட்டுச் சென்றிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளில் பருவமழை கூடியதையும் குறைந்ததையும் இந்திய விஞ்ஞானிகள் கணித்தார்கள். 1993-ல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளியானது.

அப்போ இப்போ என்ன வித்தியாசம்?

வேகம்தான். அண்டார்டிகா பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளில் 8 லட்சம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 180 முதல் 300 பங்கு வரைதான் ஏறி இறங்கியது. கடைசிப் பனியூழி முடிந்தபோது சுமார் 80 பங்கு கூடியது. அதற்கு ஏறக்குறைய 7,000 ஆண்டுகள் பிடித்தன.

1958-ல் ஹவாயில் நேரடியாக அளக்கத் தொடங்கியபோது இருந்தது சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அதாவது, ஒரு மனிதரின் ஆயுளுக்குள்ளேயே 100 பங்குக்கு மேல் கூடியிருக்கிறது.

தானா சரியாகிடுமா?

ஆகும், ஆனால் நமக்கு உதவாது. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கார்பன் காற்றில் கலந்து, பூமி 5 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடானது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மின்சாரத்துக்கு என்ன வழி?

நெய்வேலியை நாளைக்கே மூட முடியாது. தறி, மோட்டார், ஆஸ்பத்திரி எல்லாம் நிற்கும். அங்கே வேலை பார்க்கும் குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் மாற்று வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. சூரிய மின்சாரமும் வேகமாக வளர்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காற்று பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும். சூரியன் சாயங்காலம் மறைந்துவிடும். எல்லார் வீட்டிலும் விளக்கு எரிவதோ அதற்குப் பிறகுதான். எனவே மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும். ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறது. இதுபோன்ற நிலையங்களும் பெரிய பேட்டரிகளும் எவ்வளவு சீக்கிரம் வருகின்றனவோ, அவ்வளவு சீக்கிரம் நிலக்கரியைக் குறைக்கலாம். கார்பன் உமிழ்வை நிகர பூஜ்ஜியமாக்க இந்தியா வைத்திருக்கும் இலக்கு 2070.

நெசவாளருக்கு இதில் என்ன?

கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். கரண்ட் பில் ஒருபக்கம் இருக்கட்டும், மழையின் கணக்கு வேறு. குழித்தறிப் பள்ளத்தில் தண்ணீர் ஊறினால் வேலை நிற்கும். தெருவில் பாவு விரிக்க வெயில் வேண்டும். தறி நின்றால் கூலியும் இல்லை.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். ஒரு புயலை மட்டும் வைத்து, காலநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று சூடாகச் சூடாக அதிக ஈரத்தைத் தாங்கும், பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் என்பது அறிவியல்.

பூமி இதற்கு முன் இதைவிடப் பெரிய மாற்றங்களையும் தாண்டி வந்திருக்கிறது. அப்போது போளூரும் இல்லை, தறியும் இல்லை, கடலோரத்தில் சென்னையும் இல்லை. பூமி பிழைக்குமா என்பது கேள்வியே இல்லை. இந்த வேகத்துக்கு நம்ம ஊரும் தொழிலும் ஈடுகொடுக்குமா என்பதுதான் கேள்வி.